கோழி மேல் விழுந்த பழி: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

திருப்பூர் மாவட்டத்தில் ஒரு சிறு நகரத்தில் உணவியல் ஆலோசகராக இருக்கிறேன். சர்க்கரை, ரத்தசோகை, கர்ப்பகால உணவு, எடை என்று நாள் முழுக்க இதே வேலைதான். இங்கே பதிவு செய்வது 2022 ஜூனில் தொடங்கி ஒன்றரை ஆண்டு நீண்ட ஒரு நிகழ்வு. சம்பந்தப்பட்ட இளையவரும் பெற்றோரும் எழுதச் சம்மதித்தார்கள். ஆள் தெரியக்கூடாது என்பதற்காகக் குடும்பம் பற்றிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

குடும்பம் கறிக்கோழி வளர்க்கும் குடும்பம். பல்லடம் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், தென்னந்தோப்புக்கு நடுவே நீளநீளமாகக் கொட்டகைகள் நிற்கும். பெரும்பாலும் ஒப்பந்த வளர்ப்பு. கம்பெனி ஒருநாள் குஞ்சு, தீவனம், மருந்து கொண்டுவந்து இறக்கும். கொட்டகையும் கரண்டும் தண்ணீரும் உழைப்பும் விவசாயியுடையவை. கோழி பிடித்த பிறகு எடைக்கணக்கில் வளர்ப்புக்கூலி கைக்கு வரும். இந்த வீட்டு அப்பா இருபது வருடத்துக்கும் மேலாக இதைச் செய்கிறார். ஆனால் அவர் வீட்டில் கறிக்கோழி சமைத்து இரண்டு வருடம் ஆகியிருந்தது.

இளையவருக்கு அப்போது வயது 19, கல்லூரி இரண்டாம் ஆண்டு. இன்று தன்னைத் திருநங்கை என்று சொல்கிறார். முதல் நாள் அதை என்னிடம் சொல்லவில்லை. ஆனாலும் தொடக்கத்திலிருந்தே 'அவர்' என்றே எழுதுகிறேன். நல்லவேளை, தமிழில் அந்த வசதி இருக்கிறது.

முதல் சந்திப்பு

அழைத்து வந்தவர் அம்மா. இளையவர் சுவரோர நாற்காலியில், கல்லூரிப் பையை நெஞ்சோடு அணைத்தபடி உட்கார்ந்திருந்தார். உயரம் 168 செ.மீ., எடை 47 கிலோ. உடல் நிறை குறியீடு 17க்குக் கீழே. ஹீமோகுளோபின் 10.8. அம்மா கையில் ஒரு நோட்டு, அதில் வீட்டு உணவு முழுக்க எழுதி வைத்திருந்தார். காலையில் சூடான பாலில் பச்சையாக அடித்த நாட்டுக்கோழி முட்டை, அமுக்கரா பொடி. பகலில் முருங்கைக்கீரை. வாரம் மூன்று நாள் உளுந்தங்களி. விலக்கியவை தனிப்பட்டியல்: கறிக்கோழி, பண்ணை முட்டை, பாக்கெட் பால், மீல்மேக்கர், சோயா என்று எழுதியிருக்கும் எதுவும்.

மீல்மேக்கர் என்ற சொல்லுக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தார்.

"ஏனுங்க, கோழிக்கு ஊசி போடறாங்களாமா. பொம்பள ஹார்மோன் ஊசியாமா. அதத் தின்னு தின்னுதான் இப்பிடி ஆயிப்போச்சுன்னு சொல்றாங்க. நெசமுங்களா?"

கூடவே ஒரு ரத்தப் பரிசோதனை அறிக்கை. யாரோ சொல்லி, அவரே ஒரு லேபில் எடுக்க வைத்தது. ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் 112 என்று இருந்தது. அந்த லேப் கொடுத்த கீழ் எல்லை 300. மூளை அடிச்சுரப்பி அனுப்பும் எல்.எச். ஹார்மோனும் அடிமட்டத்தில். பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் மட்டும் கூடவில்லை, அதுவும் குறைவாகவே இருந்தது. அம்மாவைப் பொறுத்தவரை இந்தக் காகிதம் சாட்சி. கோழி குற்றவாளி என்று முடிவாகிவிட்டது, என்னிடம் வந்தது தண்டனை என்ன, பரிகாரம் என்ன என்று கேட்க.

'இப்படி ஆயிப்போச்சு' என்றால் எப்படி என்று அந்த அறையில் யாரும் விளக்கவில்லை. நானும் கேட்கவில்லை. மார்புப் பக்கம் அம்மாவின் பார்வை ஒருமுறை போய் வந்தது, அவ்வளவுதான்.

நான் எடுத்த முதல் முடிவு

கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வது என்று முடிவு செய்தேன். எனக்கு மிகவும் பழக்கமான கேள்வி அது. வாரம் ஒருவராவது கேட்பார்கள்.

இதற்கு ஒரு பழைய வேர் உண்டு. 1940களின் பிற்பகுதியிலும் 50களிலும் அமெரிக்காவில் சேவல்களின் கழுத்துத் தோலுக்கு அடியில் டை எத்தில் ஸ்டில்பெஸ்ட்ரால் என்ற செயற்கை ஈஸ்ட்ரோஜன் வில்லையை வைத்தார்கள், சதை மிருதுவாக இருக்கட்டும் என்று. கோழியில் அது 1959இல் நிறுத்தப்பட்டது. வில்லை போய்விட்டது, பயம் மட்டும் கண்டம் கண்டமாகச் சுற்றுகிறது. 2010 ஏப்ரலில் பொலிவியாவின் அப்போதைய அதிபர் ஈவோ மொராலெஸ், கொச்சபம்பா அருகே நடந்த பருவநிலை மாநாட்டு மேடையிலேயே, ஹார்மோன் ஏற்றிய கோழியைச் சாப்பிடுவதால்தான் ஆண்கள் 'தடம் மாறுகிறார்கள்' என்ற பொருளில் பேசினார். பெரிய எதிர்ப்பு கிளம்பியது. ஒரு நாட்டு அதிபரே நம்பியதை நம் ஊர் அம்மா நம்பியதில் வியப்பில்லை.

கோழி சீக்கிரம் வளர்வதற்குக் காரணம் இனத்தேர்வும் தீவனமும். கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் 1957ஆம் ஆண்டு ரகத்தையும் 2005ஆம் ஆண்டு ரகத்தையும் ஒரே தீவனம் போட்டு வளர்த்துப் பார்த்தார்கள். 56ஆம் நாள் பழைய ரகம் 905 கிராம், புதிய ரகம் 4,202 கிராம். இதை அம்மாவுக்குப் படம் வரைந்து காட்டினேன். வளர்ச்சி ஹார்மோன் ஒரு புரதம் என்பதால் அதைச் சாப்பிட்டால் வயிறு செரித்துவிடும் என்றேன். "உங்க மாமியாருக்குச் சர்க்கரைக்கு ஊசிதானே போடறீங்க? இன்சுலினைத் தின்னக் குடுத்தா வேலை செய்யாது, அதே கதைதான்" என்று சொன்னதும் அவருக்குச் சட்டென்று பிடிபட்டது.

சோயாவுக்கும் இதே பாணியில் பதில் சொன்னேன். அதில் இருக்கும் ஐசோஃபிளேவோன் ஈஸ்ட்ரோஜனின் தூரத்துச் சாயல், உடலில் அதன் பிடிப்பு மிகவும் பலவீனம். பல சோதனைகளைத் திரட்டிப் பார்த்த 2010, 2021 ஆய்வுகள் இரண்டிலும் ஆண்களின் டெஸ்டோஸ்டிரோனில் மாற்றம் தெரியவில்லை. 2008இல் அமெரிக்காவில் 60 வயதுக்காரர் ஒருவருக்கு மார்பு வீங்கி வலித்ததாகப் பதிவான நிகழ்வு ஒன்று உண்டு. அவர் தினமும் குடித்தது கிட்டத்தட்ட மூன்று லிட்டர் சோயாப் பால். நிறுத்தினார், சரியாகிவிட்டது. சாம்பாரில் நாலு மீல்மேக்கர் போடுவது வேறு கதை.

அப்புறம் அந்த அறிக்கை. "சரியாகச் சாப்பிடாமல் எடை குறைந்தால் உடம்பு இனப்பெருக்க ஹார்மோனைத்தான் முதலில் சுருக்கும். எடை ஏறினால் இதுவும் ஏறும்" என்றேன். பொதுவாக இது உண்மைதான். பட்டினியில் எல்.எச்.சும் டெஸ்டோஸ்டிரோனும் சேர்ந்து இறங்கும். ஆகவே என் விளக்கத்தில் ஓட்டை எதுவும் எனக்குத் தெரியவில்லை. உணவுப்பட்டியல் எழுதிக் கொடுத்தேன்: வேகவைத்த முட்டை இரண்டு, எந்த முட்டையானாலும் சரி, பருப்பு, கடலை, வாழைப்பழம், இரும்புச்சத்து மாத்திரை.

இளையவர் அந்த நாற்பது நிமிடத்தில் பேசியது ஒரே ஒரு வாக்கியம்: "மீல்மேக்கர்ல ஒண்ணுமே இல்லீங்களா மேடம்?"

நிம்மதியில் கேட்கிறார் என்று நினைத்தேன். அது ஏமாற்றம் என்று ஆகஸ்டில்தான் தெரிந்தது.

கொட்டகையில் ஒரு காலை

அடுத்த வாரம் அப்பா போன் செய்தார். "நீங்க சொன்னீங்கன்னு வீட்டுல சொன்னா. ஒருக்கா வந்து பாத்துட்டுப் போங்க." போனேன். இது வழக்கமான நடைமுறை இல்லை, ஆவல்தான்.

கிழமேற்காக நீண்ட கொட்டகை. பக்கவாட்டில் கம்பிவலை, மடித்துக் கட்டிய சாக்குப் படுதா. உள்ளே கால் வைத்தால் தேங்காய் நார்க்கழிவு மெத்தென்று அமுங்குகிறது, கண்ணில் அமோனியா எரிகிறது. 31ஆம் நாள் பேட்ச். நாலாயிரம் கோழிகளும் நடப்பதைவிட உட்கார்ந்திருப்பதே அதிகம். ஒன்றைத் தூக்கி என் கையில் கொடுத்தார். சூடு. நெஞ்சுச் சதை கனத்துக் கால் இரண்டும் அகன்று நின்றன. தீவன மூட்டையைப் பிரித்து உள்ளங்கையில் கொட்டிக் காட்டினார்: மக்காச்சோளம், சோயாப் புண்ணாக்கு, பொடி உப்புகள். இரண்டு கிலோக் கோழிக்கு மூன்றேகால், மூன்றரை கிலோ தீவனம் ஆகும் என்று கணக்குச் சொன்னார். தடுப்பு மருந்து முதல் வாரம் கண்ணில் ஒரு சொட்டு, இரண்டாம் வாரம் தண்ணீரில் கலந்து.

"ஊசி போடோணும்னா நாலாயிரத்துக்கும் புடிச்சுப் புடிச்சுப் போடோணுமுங்க. கோழிக்கு நமக்குக் கெடைக்கறது சில்லறைக் காசு. ஆளுக்கு எங்க போறது?"

இதைவிடத் தெளிவான மறுப்பை எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் படித்ததில்லை. ஆல்பர்ட்டா வரைக்கும் போயிருக்கவே வேண்டாம். ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: கறிக்கோழி விஷயத்தில் கவலைப்பட வேண்டியது ஹார்மோன் இல்லை, ஆன்டிபயாட்டிக். கொலிஸ்டின் என்ற கடைசிக்கட்ட மருந்தைக் கால்நடைத் தீவனத்தில் கலக்க 2019இல்தான் இந்தியா தடை போட்டது. அம்மாவிடம் பேசியபோது "கோழியில் ஒன்றும் இல்லை" என்று மொத்தமாகச் சொல்லிவிட்டேன். அது சரியில்லை.

"உங்களுக்கே இவ்வளவு தெரியுமே, வீட்டில் ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டேன். மூட்டை வாயைச் சணலால் கட்டிக்கொண்டே இருந்தார். வெகுநேரம் கழித்து, "கோழின்னா... அது வெளிய இருந்து வந்ததுங்க" என்றார்.

அந்த வார்த்தையை அன்று இரவே குறிப்பேட்டில் எழுதினேன். பொருள் புரிந்து எழுதவில்லை, வித்தியாசமாக இருந்ததால் எழுதினேன்.

கோழி விடுதலையான பிறகு

ஜூலை மாதம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கோழி இல்லை என்று ஆனதும் வீடு வேறு குற்றவாளியைத் தேடியது. செல்போனைப் பிடுங்கி வைத்தார்கள். ஒரு கல்லூரி நண்பரை வீட்டுப் பக்கம் வரக்கூடாது என்றார்கள். குலதெய்வக் கோயிலில் பூ கேட்டார்கள். கடைசியாக யாரோ சொல்லி, வெளியூரில் 'ஆம்பளையாக மாற்றித் தருகிறேன்' என்ற ஒருவரிடம் போனார்கள். ஒரு மண்டலம் பொடி, காலை நாலு மணிக்குக் குளிர்ந்த தண்ணீர்க் குளியல், உப்பில்லாச் சாப்பாடு. 2021 ஜூனிலேயே சென்னை உயர் நீதிமன்றம், ஒருவருடைய பாலின அடையாளத்தையோ பாலீர்ப்பையோ மருத்துவத்தால் மாற்ற முயல்வதைத் தடை செய்யச் சொல்லியிருந்தது. அந்த ஆளுக்கு அது தெரிந்திருக்குமா தெரியாது, தெரிந்தாலும் நிறுத்தியிருக்கப் போவதில்லை.

இரண்டாம் சந்திப்பில் எடை 45. என் பட்டியல் அந்தப் பொடிக்குக் கீழே எங்கோ போய்விட்டது.

மாத்திரை

ஆகஸ்ட் நடுவில் ஒரு ஞாயிறு காலை, தெரியாத எண்ணிலிருந்து போன். இளையவர்தான், தங்கையின் போனிலிருந்து. "மேடம், எடது கெண்டைக்கால் மட்டும் வலிக்குது. கொஞ்சம் வீங்குன மாதிரி இருக்கு. யாருகிட்டச் சொல்றதுன்னு தெரியல."

ஒரு கால் மட்டும் என்ற சொல் என்னை எழுப்பிவிட்டது. வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறாயா என்றேன். சற்று நேரம் சத்தமில்லை. அப்புறம் வந்தது: கருத்தடை மாத்திரை. தினம் மூன்று. மார்ச்சிலிருந்து. ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மெடிக்கலில், அக்காவுக்கு என்று சொல்லி வாங்கியது.

அன்றே கோவையில் ஒரு மருத்துவமனைக்கு அனுப்பினேன். தங்கை கூடப் போனாள். ரத்தக்குழாய் ஸ்கேனில் ரத்தம் உறைந்த கட்டி இல்லை, தசைப்பிடிப்புதான் என்றார்கள். பிழைத்தோம் என்றுதான் சொல்ல வேண்டும். சாதாரணக் கருத்தடை மாத்திரையில் எத்தினைல் எஸ்ட்ராடியால் 30 மைக்ரோகிராம் இருக்கும். மூன்று சேர்ந்தால் 90. இந்த ஈஸ்ட்ரோஜன் ரத்தம் உறைவதைத் தூண்டும். திருநங்கையருக்கான ஹார்மோன் சிகிச்சையில் நாளமில்லாச் சுரப்பி மருத்துவர்கள் இதைக் கைவிட்டு, உடலில் இயல்பாகச் சுரக்கும் ஈஸ்ட்ரோஜனான எஸ்ட்ராடியாலுக்கு மாறியதற்கு அதுவே முக்கியக் காரணம். மெடிக்கல் கடையில் கேள்வியில்லாமல் கிடைக்கிறது, தோழிகள் வட்டத்தில் வாய்மொழியாகப் பரவுகிறது, ஆபத்து மட்டும் கூடவே பரவுவதில்லை.

அந்த லேப் அறிக்கைக்கும் இப்போது விளக்கம் கிடைத்தது. மாத்திரை எல்.எச்.சை அடக்கியது, அதனால் டெஸ்டோஸ்டிரோன் விழுந்தது. வழக்கமான ஈஸ்ட்ரோஜன் பரிசோதனை எஸ்ட்ராடியாலைத்தான் அளக்கும், எத்தினைல் எஸ்ட்ராடியால் அதில் சரியாகப் படாது. ஆகவே அது குறைவாகத் தெரிந்தது. பட்டினியிலும் இதே படம்தான் வரும் என்பதால் என் விளக்கத்தோடு நான் நின்றுவிட்டேன். பட்டினி ஓரளவு பங்காற்றியிருக்கலாம். ஆனால் வலியோடு முளைத்திருந்த மார்பை அந்த விளக்கத்துக்குள் அடக்கியிருக்கக் கூடாது. பருவ வயதுப் பையன்களில் பாதிப் பேருக்கு மேல் மார்பு லேசாகத் திரண்டு தானே வடியும் என்பது தெரிந்த விஷயம். இதையும் அதில் சேர்த்துவிட்டேன். 19 வயதில் புதிதாக வருவது அதுவல்ல.

மருத்துவமனையிலிருந்து திரும்பிய மறுநாள் அவரைத் தனியாகச் சந்தித்தேன். முதல் தடவையாக. நிறையப் பேசினார். அதில் ஒன்று மட்டும் இங்கே: கட்டிலுக்கு அடியில், பழைய பாடப்புத்தகப் பெட்டியில், மீல்மேக்கர் பாக்கெட்டுகள் ஒளித்து வைத்திருந்தாராம். சூடான தண்ணீரில் ஊறவைத்து உப்புகூடப் போடாமல் தினம் ஒரு டம்ளர். கூடவே ஆளி விதை. 'இயற்கை ஈஸ்ட்ரோஜன்' என்று யூடியூபில் பார்த்தது. மார்ச் வரைக்கும் மீல்மேக்கர்தான். அது 'வேலை செய்யவில்லை' என்று ஆன பிறகே மாத்திரை.

அதாவது ஒரே வீட்டில், ஒரே நம்பிக்கை. மீல்மேக்கர் பெண்ணாக்கிவிடும் என்று பயந்து அம்மா சமையலறையை விட்டுத் துரத்தினார். மீல்மேக்கர் பெண்ணாக்கும் என்று நம்பி இளையவர் கட்டிலுக்கு அடியில் சேர்த்து வைத்தார். சோயாவில் ஒன்றுமில்லை என்று நான் ஜூனில் உற்சாகமாகச் சொன்னபோது, அம்மாவிடமிருந்து பயத்தை எடுத்தேன், பிள்ளையிடமிருந்து மிச்சமிருந்த நம்பிக்கையையும் எடுத்தேன். வேறு வழி உண்டா என்று சொல்ல வேண்டிய இடம் அது. வாழைப்பழம் சாப்பிடச் சொல்லி அனுப்பினேன்.

அடுத்து எடுத்த முடிவுகள்

மாத்திரையை உடனே நிறுத்தச் சொன்னது மருத்துவர். நான் செய்தது, நிறுத்தியதோடு விட்டுவிடாமல் கோவையிலேயே நாளமில்லாச் சுரப்பி மருத்துவர் ஒருவரிடம் சேர்த்தது. வெறுமனே நிறுத்து என்றால் வேறு கடைக்குப் போவார். பணம் முடியாவிட்டால் சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் இதற்கென்றே தனிப் பிரிவு இருப்பதையும் சொன்னேன்.

மனநல மருத்துவரைத் தேர்ந்தெடுக்கும் முன் மூன்று பேருக்குப் போன் செய்து ஒரே கேள்வி கேட்டேன்: "இதை மாற்ற முடியுமா?" முடியும் என்றவரை அங்கேயே விட்டேன். உலக சுகாதார நிறுவனத்தின் புதிய நோய்ப்பட்டியல், 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது, பிறப்பில் குறித்த பாலினமும் உள்ளே உணரும் பாலினமும் பொருந்தாத நிலையை மனநோய்ப் பகுதியிலிருந்து எடுத்துவிட்டது. அதைச் சொல்லி, "வீட்டோடு பேசுவதற்கு உதவி வேண்டுமா, பேசலாம்" என்றவரிடம் அனுப்பினேன்.

வீட்டில் நான் சொல்லவில்லை. அம்மா இரண்டு முறை கேட்டார். இளையவருக்கு வயது 19, மேஜர். அவர் அனுமதி இல்லாமல் சொல்ல எனக்கு உரிமையில்லை. இதில் எனக்கு உறுத்தல் இருந்தது. அம்மா என்னை நம்பித்தான் முதலில் வந்தார்.

உணவுப்பட்டியலைப் புதிதாக எழுதினேன். மேலே ஒரு வரி சேர்த்தேன்: 'எடைக்கும் ரத்தத்துக்கும் மட்டும்.' ஆணாக்கவோ பெண்ணாக்கவோ ஒரு கரண்டி சோறும் இல்லை என்பது மூவருக்கும் தெரிய வேண்டியிருந்தது. மீல்மேக்கரைப் பட்டியலில் சேர்த்தேன், புரதத்துக்காக. 50 கிராம் காய்ந்த மீல்மேக்கரில் சுமார் 26 கிராம் புரதம், விலையும் மலிவு. அதைப் படித்துவிட்டு அவர் சிரித்தார். நான் பார்த்த முதல் சிரிப்பு.

அக்டோபர்: வீட்டுத் திண்ணையில்

இளையவர் தயார் என்று சொன்ன பிறகு, அக்டோபர் கடைசியில், மனநல மருத்துவர் சொல்லிக்கொடுத்த முறைப்படி வீட்டிலேயே பேசினோம். திண்ணையில் அப்பா, அம்மா, தங்கை, இளையவர், நான். பேச்சு மூன்று மணி நேரம் போனது. அவரே சொன்னார், நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். தங்கைக்கு மூன்று வருடமாகத் தெரியுமாம். அப்பா தலை நிமிரவில்லை.

மாத்திரை பற்றிச் சொன்னதும் அம்மா பிடித்துக்கொண்டார்: "அப்ப அந்த மாத்தரதான் இப்பிடி ஆக்கிப்போட்டுது." மறுபடியும் ஒரு குற்றவாளி. நான் பதில் தேடிக்கொண்டிருந்தபோது அப்பா பேசினார். அவருடைய அண்ணனுக்குச் சில வருடம் முன் புராஸ்டேட் புற்றுநோய். ஆண் ஹார்மோனை அடக்கும் ஊசி போட்டார்கள்.

"அண்ணனுக்கு மூணு மாசத்துக்கு ஒரு ஊசி போட்டாங்களே. மாரெல்லாம் வலிக்குதுன்னாரு. மீசகூட மெலிஞ்சுது. ஆனா அண்ணன் அண்ணனாத்தான இருந்தாரு. சாகற வரைக்கும் வேட்டிதான், பஞ்சாயத்துதான்."

ஹார்மோன் உடம்பை மாற்றும், உள்ளே ஒருவர் தன்னை யாராக அறிகிறாரோ அதை மாற்றாது என்பதை நான் எத்தனை படம் வரைந்தாலும் இப்படிச் சொல்லியிருக்க முடியாது. கொட்டகை விஷயத்திலும் இந்த மனிதர்தான் என்னை முந்தினார்.

வெகுநேரம் கழித்து அம்மா வேறு ஒன்றைச் சொன்னார். கல்யாணமான புதிதில்தான் பண்ணை வைத்தார்களாம். கருவுற்றிருந்த அத்தனை மாதமும் கறிக்கோழி. பிடிக்கும்போது கால் ஒடிந்த கோழி வீட்டுக்கு வரும், வேண்டாம் என்று சொல்ல வசதியில்லை. "மாசமா இருக்கையில நாந்தான தின்னேன். வேற ஆரு மேல பழி போடறது?"

ஜூனில் அவர் கேட்ட 'நெசமுங்களா' இதற்குத்தான். அப்பாவுக்குக் கோழி, வீட்டில் யார் மேலும் பழி விழாமல் தடுத்த வெளியாள். அம்மாவுக்கு அதே கோழி, பத்தொன்பது வருடம் சுமந்த சொந்தக் குற்றம். இளையவருக்கு அது கேலிச்சொல், தெருவில் பையன்கள் அவரைப் பார்த்துக் 'பிராய்லர்' என்றுதான் கத்துவார்களாம். ஒரு கட்டுக்கதை என்று நான் நினைத்தது மூன்று. நான் மறுத்தது அந்த மூன்றில் எதையும் இல்லை.

"நீங்க சாப்பிட்டதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லீங்க" என்றேன். "அப்ப எதனால?" என்றார். ஒற்றைக் காரணம் என்று யாரும் காட்டியதில்லை, வளர்ப்பும் உணவும் இல்லை என்பதுவரை சொல்லலாம், தலைமுறை தலைமுறையாக எல்லா ஊரிலும் இப்படி மனிதர்கள் பிறந்திருக்கிறார்கள் என்றேன். அந்தப் பதில் அவருக்குப் போதவில்லை. முகத்தில் தெரிந்தது. ஆனால் எழுந்து போய் இளையவருக்குச் சாதம் போட்டுக் கொண்டுவந்தார்.

பிறகு நடந்தது

எடை மெதுவாக ஏறியது. 2023 ஏப்ரலில் 52 கிலோவைத் தாண்டிய பிறகு, ரத்தப் பரிசோதனைகள் எல்லாம் பார்த்து, மருத்துவர் கண்காணிப்பில் எஸ்ட்ராடியால் தொடங்கியது. டிசம்பரில் எடை 56, ஹீமோகுளோபின் 12.6. அடையாளச் சான்றிதழுக்கு 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி தேசிய இணையவாசலில் விண்ணப்பித்து மாவட்ட ஆட்சியரிடமிருந்து வாங்கினார். அப்பா பைக்கில் கலெக்டர் ஆபீஸ் வரை கொண்டுபோய் விட்டார், உள்ளே வரவில்லை, டீக்கடையில் இருந்தார்.

எல்லாம் கூடிவந்துவிட்டது என்று எழுத முடியாது. கல்லூரியில் ஒரு பருவத் தேர்வு போனது. பாட்டிக்கு இன்றுவரை சொல்லவில்லை. சொந்தக்காரர் கல்யாணத்தில் அப்பா 'பெரியவன் ஊர்ல இல்ல' என்று சொல்லிச் சமாளித்தார். இளையவர் மண்டபத்துக்கு அழைக்கப்படவே இல்லை. அது அவருக்கு ஆறாத காயம். அம்மா 'தம்பி' என்று கூப்பிடுவதை நிறுத்தினார், வேறு எதற்கும் மாறவுமில்லை. ஒரு வருடம் வெறும் 'சாமி'தான். எங்கள் பக்கம் பிள்ளைகளை, ஆணானாலும் பெண்ணானாலும், சாமி என்று கூப்பிடுவது உண்டு. அதற்குள் அவர் ஒதுங்கிக்கொண்டார்.

மாற்றிச் செய்வது

18 வயது முடிந்த யாரானாலும், முதல் சந்திப்பிலேயே பத்து நிமிடம் தனியாகப் பேசுகிறேன். கூட வந்தவர்களுக்கு அது பிடிப்பதில்லை. "எடை பார்க்கணும், வெளியே இருங்க" என்று ஒரு சின்னப் பொய் சொல்லிச் சமாளிக்கிறேன்.

மருந்துப் பட்டியல் கேட்கும்போது 'டாக்டர் எழுதிக் கொடுத்தது' என்று கேட்பதில்லை. மெடிக்கலில் நீங்களாக வாங்கியது, பொடி, லேகியம், ஊசி, தோழி கொடுத்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறேன். ஹார்மோன் அறிக்கை விபரீதமாக இருந்தால் அதற்கு நானே காரணம் சொல்லாமல் அதற்குரிய மருத்துவரிடம் அனுப்புகிறேன். அது என் வேலை இல்லை என்பது எனக்கு அன்றும் தெரியும், ஆனால் விளக்கம் கையில் தயாராக இருந்தது.

கோழிக் கேள்வி இன்றும் வாரம் ஒருமுறை வருகிறது. இப்போது முதலில் நான் இரண்டு கேள்வி கேட்கிறேன்: "இப்படி ஆகிவிட்டது என்றால் எப்படி?" அடுத்தது, "கோழிதான் காரணம் என்று வைத்துக்கொள்வோம், அப்புறம் என்ன செய்யலாம் என்று நினைக்கிறீர்கள்?" இரண்டாவது கேள்விக்கு வரும் பதிலில்தான் யார் யாரைக் குற்றம் சாட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்பது வெளியே வரும். 905 கிராமும் 4,202 கிராமும் அதற்குப் பிறகுதான். சிலருக்கு அது தேவையே படுவதில்லை.

போன மாதம் அந்த அம்மாவிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வந்தது, பிளாஸ்டிக் முட்டை பற்றி. கீழே அவரே தட்டச்சு செய்திருந்தார்: 'இது நெசமுங்களா? அம்மிணி தினம் ரெண்டு சாப்படறா.'